விழாத பனிக்கு

ஏப்ரல் கடைசி வாரம்.
குளிரில் சாலையெங்கும் தூவிய சரளையை
நகராட்சி வண்டி திரும்பக் கூட்டி அள்ளுகிறது.
லாஹ்தி நகரமே தும்முகிறது.
சன்னலைச் சாத்திவிட்டு
அறுபத்திரண்டு உறைகளை மேசையில் பரப்புகிறேன்.

மற்ற கம்பெனிகள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிவிடுவார்கள்.
பனி தள்ளுகிறவர்களுக்கு அப்போது கை ஒழியாது.
தரை தெரிந்த பிறகுதான் எங்களுக்கு வாய் திறக்கும்.

போன வருடக் கடிதம் கணினியில் இருக்கிறது:
'கடுங்குளிரிலும் எங்கள்மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு...'
தேதியை மாற்றினால் போதுமே என்கிறான் ஏஸ்கோ,
ஒரு கையில் காப்பி, மறு கையில் கிரீஸ் துணி.

கடுங்குளிரா?
இந்த முறை வண்டி இறங்கியது நான்கு தடவை.
டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு,
பிறகு மார்ச்சில், வெட்கப்பட்டதுபோல், ஒரு விடியல்.
மற்றபடி மழை.
வெசியார்வி ஏரி
யாரும் கால்வைக்கத் துணியாத அரைக்கண்ணாடியாகக் கிடந்தது.
மூன்று மணிக்கு எழுந்தே பழகியவன்
மூன்று மணிக்கு எழுந்து
சமையலறை விளக்கைப் போடாமல்
வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
இரண்டு டிகிரி. மூன்று டிகிரி.
பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியிலேயே உறங்கிப்போவான்.

ஆனால் ஒப்பந்தம் மாதக் கட்டணம்.
அறுபத்திரண்டு பேரும் தவறாமல் கட்டினார்கள்,
விழாத பனிக்கு.

இதற்கு எப்படி நன்றி எழுதுவது?

'நாங்கள் வராதபோதும் நீங்கள் தந்தமைக்கு' என்று தொடங்கி
அழித்தேன். கடன்காரன் குரல்.
'வானிலை ஒத்துழைக்காததற்கு வருந்துகிறோம்.'
வானம் என்ன எங்கள் வேலைக்காரனா?
'அடுத்த ஆண்டு நிறையப் பனியை எதிர்பார்த்து' என்றால்
பல் மருத்துவர் நிஸ்கனென் சும்மா இருப்பாரா,
போன பிப்ரவரியில் தன் வாசலிலேயே வழுக்கி
மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்?

எங்கள் பேச்சில் 'தயவுசெய்து'வுக்குத் தனிச்சொல் கிடையாது.
காப்பி கேட்டாலும் நன்றி, கொடுத்தாலும் நன்றி.
ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பும் சிக்கனக்காரர்கள் நாங்கள்.
இந்த வருடம் பாவம், அதை
மன்னிப்புக் கேட்கவும் அனுப்பப் பார்க்கிறேன்.

பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
ஓரங்களில் என் கையெழுத்து, பன்னிரண்டு குளிர்காலம்:
தபால்பெட்டியை இடித்தோம், புதிது வாங்கித் தந்தாயிற்று.
மீன்கடை வாசலில் உப்பு வேண்டாம், நாய்க்குப் பாதம் எரிகிறது.
பாதிரியார் வீடு, ஞாயிறு எட்டுக்குமுன்.
இவருக்குச் சத்தம் ஆகாது.
இவருக்குச் சத்தம் வேண்டும்.

கடைசியாகச் சொன்னது
குடியிருப்புச் சங்கத்தின் ஹில்க்கா வைனியோ.
பிப்ரவரியில் தொலைபேசியில் அழைத்தார்.
பணத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று
ரசீதுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.
"வண்டிச் சத்தமே காணோமே" என்றார்.
பனி இல்லையே அம்மா என்றேன்.
"அது தெரிகிறது, என் வீட்டிலும் சன்னல் உண்டு.
ஏஸ்கோவுக்கு உடம்பு சரியா என்று கேட்கிறேன்."
சரிதான் என்றேன். வைத்துவிட்டார்.

மாலை நாலரைக்கு எழுதி முடித்தேன்:

'இந்தக் குளிர்காலம் நான்கு முறை வந்தோம்.
மற்ற இரவுகளில் விழித்திருந்தோம்.
நன்றி.'

ஏஸ்கோ படித்தான்.
தள்ளுதகட்டுக்கு எண்ணெய் பூசிய கை.
இரண்டாம் முறையும் படித்துவிட்டு
"கொஞ்சம் நீளம்" என்றான்.
பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து
ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டான்.

பதினேழாவதில் கட்டைவிரல் கறை,
கருப்பாக, ரேகை தெரிய.
வேறு அச்செடுக்கிறேன் என்று கைநீட்டினேன்.
உறையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தான்.
வைனியோ.

"இருக்கட்டும்" என்றான்,
அடுத்ததை எடுத்தான்.